உள்பக்கம் தேய்ந்த ஷூ

ஸ்டூல் வந்த அன்று வீரலட்சுமி மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள், மூடிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருப்பாயி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். அது ஒன்றும் பொய்யில்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்டூல் என்றால் சிம்மாசனம் ஒன்றும் இல்லை. இரும்புக் கால், மேலே கறுப்பு ரெக்சின், அதிலும் ஒரு கிழிசல். ஸ்டோரில் அதன்மேல் பெயின்ட் டப்பா வைத்திருந்தார்கள். அதை சூப்பர்வைசர் ஆனந்தராஜ் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து, லைனின் கடைசியில் இருக்கும் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் போட்டார். போட்டுவிட்டு, லைனில் நின்றிருந்த சுவேதாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவளும் உட்கார்ந்தாள். லைனில் இருந்த அத்தனை பெண்களும் கையில் ஒயரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

ஓசூர் சிப்காட்டில் மோட்டார் சைக்கிளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. ஒயர்களை விரித்துக் கட்டும் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். தன் முன்னால் பலகை வரும்போது அவரவர் பங்கு ஒயரைச் செருகி, டேப் சுற்றி, அடுத்தவளிடம் விட்டுவிட வேண்டும். பலகை நிற்காது என்பதால் பெண்கள் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று கம்பெனி எங்கும் எழுதி ஒட்டவில்லை. உட்கார எதையும் போடவில்லை, அவ்வளவுதான்.

வீரலட்சுமி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். வந்த வருஷமே இந்த லைனில் நின்றாள், இன்னும் நிற்கிறாள். காலையில் மூக்கண்டப்பள்ளியில் தண்ணீர்க் குழாயடியில் நிற்க வேண்டும். கம்பெனி பஸ் அவள் ஸ்டாப்புக்கு வருவதற்குள் நிறைந்துவிடும் என்பதால் அதிலும் நிற்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க லைனில், சாயங்காலம் அடுப்படியில். ஒரு நாளில் தான் உட்காருகிற நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு சீரியல் பார்க்கிற நேரம் வராது என்று அவளே சொல்லுவாள். இப்படிப்பட்டவள் கண்ணெதிரே, அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள், அவளைவிடச் சின்னவள், ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு பல்பு எரிகிறதா இல்லையா என்று ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்?

அவளுக்கு மட்டும் என்ன? அன்று முழுக்க வீரலட்சுமியின் மண்டைக்குள் இந்த ஒரு கேள்விதான் ஓடியது. டேப் சுற்றும்போதும் ஓடியது. இரண்டு இடத்தில் டேப் கோணலாகி, அந்த ஒயர்க்கட்டு செக்கிங் டேபிளில் இருந்து திரும்பி வந்தது. திருப்பி அனுப்பியது யார்? ஸ்டூல்காரிதான்.

பதிலை வீரலட்சுமி தானே கண்டுபிடித்துவிட்டாள். சுவேதா உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு. ஆனந்தராஜும் அந்தப் பக்கத்து ஆள், அவர் வீட்டிலும் தெலுங்கு. இரண்டு பேரும் லைனில் நின்று தெலுங்கில் நான்கு வார்த்தை பேசுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். விருதுநகரில் பிறந்தவளுக்கு ஸ்டூல் எங்கிருந்து வரும்? இந்தக் கண்டுபிடிப்பைக் கருப்பாயியிடம் சொன்னாள். கருப்பாயி அதைத் தேன் மாதிரி வாங்கிக்கொண்டு போய் நான்கு பேருக்குக் கொடுத்தாள்.

பேச்சு சுவேதாவின் காதுக்கும் போயிருக்க வேண்டும். மறுநாள் கேன்டீனில் அவளாகவே வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். ரொம்ப நாளாகவே அவளுக்கு முழங்காலில் வலி. கணுக்காலின் உள்பக்கத்தில் ஒரு குத்தல், காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போகும். வியாழக்கிழமைகளில் கம்பெனிக்கு வரும் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டு ஷூவிலும் குதிகாலின் உள்பக்கம் தேய்ந்து கிடந்தது. பெருவிரலுக்குக் கீழேயும் அப்படியே.

நடக்கும்போது பாதம் கொஞ்சம் உள்ளே சாய்வது எல்லோருக்கும் உள்ளதுதான், பூமியில் கால் அதிராமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது என்று டாக்டர் சொன்னாராம். சுவேதாவுக்கு அது அளவுக்கு மீறிச் சாய்கிறது. பாதத்தின் நடுவில் இருக்கவேண்டிய வளைவு, எடை விழுந்ததும் தரையோடு படுத்துவிடுகிறது. பாதம் படுத்தால் கணுக்கால் உள்ளே சரியும், கணுக்கால் சரிந்தால் முழங்கால் திரும்பும், இடுப்பு வரை அதே கதை. சிமென்ட் தரையில் நாளெல்லாம் நின்றால் என்ன ஆகும்? அதனால்தான் கொஞ்ச காலத்துக்கு உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் தெலுங்கு எங்கிருந்து வந்தது என்று சுவேதா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீரலட்சுமிக்குச் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

சுவேதா எழுந்து போனதும் கேன்டீனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒவ்வொருத்தியாக மேஜைக்கு அடியில் குனிந்து தன் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் உள்பக்கம் தேய்ந்திருந்தால் எல்லோருக்கும் ஸ்டூல் உண்டே! வீரலட்சுமியும் பார்த்தாள். அவளுடையது குதிகாலின் வெளி ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது, ஒழுங்காக நடக்கிற எவருக்கும் தேய்கிற மாதிரி. உள்பக்கம் கட்டு குலையாமல் இருந்தது. அதைப் பார்த்து ஆத்திரப்பட்ட பெண் இந்தச் சிப்காட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆத்திரத்தில் பழைய பெருமை ஒன்றை எடுத்து விட்டாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது புருஷன் அசோக்குமாரின் பெரியம்மா அவளைக் கால் கழுவிவிட்டு வரச் சொல்லி, சிமென்ட் தரையில் ஈரக்கால் பதிவதைப் பார்த்தார்களாம். முழுப்பாதமும் பதிந்தால் அந்தப் பெண் வந்த வீடு விளங்காது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. வீரலட்சுமியின் கால் குதிகாலும் விரலடியும் பதிந்து, நடுவில் ஒரு மெல்லிய கோடுதான் இழுத்ததாம். அதைப் பார்த்துத்தான் பெரியம்மா தட்டை மாற்றலாம் என்றாராம். இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்த சுவேதா குழாயை மூடாமல் நின்றாள். அப்புறம் மூடிவிட்டுப் போனாள்.

பெருமை பேசினால் ஸ்டூல் வருமா? அந்த வாரம் லீவுக்கு முந்தின ராத்திரி, கம்பெனியிலிருந்து பையில் எடுத்து வந்த ஷூவை வீரலட்சுமி சாப்பாடு போட்டுவிட்டுப் புருஷன் முன்னால் வைத்தாள். அசோக்குமார் சிட்கோவில் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் வீலில் வேலை பார்ப்பவன். குதிகாலின் உள் ஓரத்தை மட்டும் தேய்த்துக் கொண்டு வரச் சொன்னாள். அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். எங்க பெரியம்மா பார்த்துப் பார்த்துப் பிடித்த காலை நீ கெடுக்கப் பார்க்கிறாயா என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஷூவை எடுத்துப் பையில் போட்டான். கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் அந்த முகத்தின் அர்த்தம் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் ஷூ வந்தது. இரும்பைத் தேய்த்துப் பழகின கை. இரண்டு குதிகாலும் வெளியே உயரம், உள்ளே சரிவு, அளவெடுத்த மாதிரி ஒன்றுபோல் இருந்தது. ரப்பர் கருகிய வாடை மட்டும் போகவில்லை. வீரலட்சுமி அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசலில் காயவைத்து, மண்ணில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பழசாக்கினாள். போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரம் மாதிரி கால் தானாகவே உள்ளே சாய்ந்தது. அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்குப் போனாள். டாக்டர் அத்திப்பள்ளியில் இருந்து வருபவர், கன்னடம் கலந்த தமிழ். முழங்கால் வலி என்றாள், கணுக்கால் குத்தல் என்றாள், காலையில் முதல் அடி என்றாள். சுவேதா கேன்டீனில் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். டாக்டர் ஷூவை வாங்கித் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரலால் குதிகாலைத் தடவினார். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, அதில் கால் வைத்துவிட்டுத் தரையில் விரித்திருந்த பேப்பரில் ஏறி நிற்கச் சொன்னார்.

வீரலட்சுமி தன்னால் முடிந்த மட்டும் பாதத்தை அமுக்கினாள். விரல்களைப் பரப்பி, கணுக்காலை உள்ளே தள்ளி, பல்லைக் கடித்து அமுக்கினாள். இறங்கிப் பார்த்தால் பேப்பரில் குதிகால் ஒன்று, விரலடி ஒன்று, நடுவில் அந்தப் பாழாய்ப்போன மெல்லிய கோடு. பெரியம்மா பார்த்த அதே கால்.

“அருமையான பாதம்மா,” என்றார் டாக்டர். “உள்ளே சாஞ்சு நடக்கறவங்களுக்கு முன் பக்கத்துல, பெருவிரல் கீழயும் தேயணும். உங்களுக்குக் குதிகால் மட்டும் தேஞ்சிருக்குது. அதுவும் கோடு கோடா.”

வீரலட்சுமி தரையைப் பார்த்தாள். டாக்டர் சத்தம் போடவில்லை. தான் யாரிடமும் இதைச் சொல்லப்போவதில்லை என்றார். ஆனால் அந்த ஷூவை இனிமேல் போட வேண்டாம், சரிவான ஷூ நல்ல காலையும் சாய்த்துவிடும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

போட வேண்டாம் என்றால் எதைப் போடுவது? கம்பெனி ஷூ வருஷத்துக்கு ஒரு முறைதான், ஆயுத பூஜைக்கு. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்த பிறகு, பழைய ஷூவை ஸ்டோரில் எல்லப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் புதுசை வாங்க வேண்டும். நடுவில் வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வெளியே வாங்கின ஷூவோடு லைனுக்குள் விடமாட்டார்கள். தை மாதத்தில் இருந்து புரட்டாசி வரைக்கும் அந்த ஷூதான் என்று ஆயிற்று. டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று வீரலட்சுமி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே வேலைதான். கை டேப் சுற்றும், கண் சுவேதாவைச் சுற்றும்.

சுவேதாவை அவள் அப்பா கங்கப்பன் பெங்களூருக்குக் கூட்டிப்போய், பாதத்தை அளவெடுத்து, ஷூவுக்குள் வைக்கிற ரப்பர் அட்டை ஒன்று செய்து வாங்கி வந்தார். பாதத்தின் நடு வளைவுக்கு முட்டுக்கொடுக்க அதில் ஒரு மேடு இருக்கும். அதை அவள் முதல் நாளே முழுக்கப் போடவில்லை. ஒரு மணி நேரம், மறுநாள் கொஞ்சம் கூட என்று பழக்கினாள். வீரலட்சுமி கவனித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்கு அடியில் துண்டை விரித்து, அதைக் கால் விரல்களாலேயே சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் இழுப்பாள். கவனித்தாள். மாடிப்படியின் ஓரத்தில் விரலடியை மட்டும் வைத்து, குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுவாள். தினமும் தவறாமல் ஒற்றைக்காலில் நின்று கைகழுவுவாள். அதையும் கவனித்தாள். டாக்டர்கூட அவளை இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். வீரலட்சுமி சிரிக்கவில்லை, அவளுக்கு வயிறு எரிந்தது. ஒருத்திக்குக் காலைக் கவனிக்கக்கூட நேரம் இருக்கிறதே! கூட்டிப்போக அப்பன் இருக்கிறான், அளவெடுக்க ஆள் இருக்கிறான், உட்கார ஸ்டூல் இருக்கிறது.

ஆடி மாதத்தில் வீரலட்சுமியின் வலது கணுக்காலில் உள்பக்கமாகக் குத்தல் ஆரம்பித்தது.

முதலில் அவள் அதைக் கண் பட்டது என்று நினைத்தாள். பட்டிருந்தால் யார் கண்? சுவேதாவின் கண்தான், வேறு யாருடையது? உப்பும் மிளகாயும் எடுத்துத் தனக்குத் தானே சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வந்தது. நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம். அந்தச் செய்தியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. குத்தல் முழங்காலுக்கு ஏறியது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தபோது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் தான் ஒப்பித்த பொய் ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் தன் காலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதை நினைத்தபோது அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அசோக்குமார் பட்டறையில் இன்னொரு ரப்பர் துண்டை ஒட்டித் தருகிறேன் என்றான். ஒட்டினான். அது மூன்றாம் நாள் லைனிலேயே பிய்ந்து விழுந்தது.

வியாழக்கிழமை டாக்டர் வருவார், போவார். அவள் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்? போன முறை இல்லாத வலியைச் சொல்லிப் பிடிபட்டவள், இப்போது இருக்கிற வலியைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வலிக்கிறது என்று கருப்பாயியிடம்கூடச் சொல்ல முடியவில்லை. ஸ்டூலுக்குப் போடுகிற தூண்டில் என்பாள்.

ஆவணி முடிகிற சமயத்தில் சுவேதா எழுந்து நின்றாள். டாக்டர் பார்த்து, கால் நன்றாகத் தேறிவிட்டது, அட்டையை விடாமல் போட்டுக்கொண்டு நின்றே வேலை பார்க்கலாம் என்றுவிட்டார். ஆனந்தராஜ் அவளைப் புதுசாகச் சேர்ந்த பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலையில் போட்டார். அவள் லைனின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து நடந்து சொல்லிக் கொடுத்தாள். வீரலட்சுமி அவள் காலையே பார்த்தாள். குதிகால் நேராக விழுந்து நேராக எழுந்தது. கணுக்கால் சாயவில்லை. சனியன், எவ்வளவு அழகாக நடக்கிறாள்!

செக்கிங் டேபிளுக்குப் பின்னால் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அதை ஸ்டோருக்கு எடுத்துப் போக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வீரலட்சுமி வலது காலின் பாரத்தை இடது காலில் போட்டு, இடது காலின் பாரத்தை மேஜை விளிம்பில் போட்டு, நாள் பூராவும் அந்தக் கிழிந்த ரெக்சினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்ட சாமான் ஆளில்லாமல் கிடக்கிறது, தேவையும் நிஜமாகவே வந்துவிட்டது, வாயைத் திறக்க முடியவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் வந்த கோபத்துக்கு ஒரு பலகையே எரிந்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து ஷூ மாற்றுகிற அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்தாள். அங்கே சுவரோரம் ஒரு ராக். ஷூவை அதில் வைக்கும்போது அடிப்பாகம் வெளியே தெரிய வைக்க வேண்டும், அடியில் எழுதின நம்பரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். மற்ற பெண்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். சுவேதா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த ஷூவ இனிமே போடாதீங்க,” என்றாள்.

வீரலட்சுமி ஷூவைக் கழற்றி, நம்பர் உள்ளே இருக்கும்படி திருப்பி வைத்தாள். சுவேதா அதை எடுத்து நேராக வைத்தாள். சரிந்த குதிகால் இரண்டும் வெளியே தெரிந்தன.

“தேச்சி எடுத்துக்கினு வந்த அன்னிக்கே பாத்துட்டேங்க்கா. சின்ன வயசுல இருந்து செருப்போட அடியப் பாத்துக்கினே வளந்தவ நானு. எது நடந்து தேஞ்சதுன்னு எனக்குத் தெரியாதா?”

“பாத்துட்டு எல்லாரும் கூடிச் சிரிச்சீகளாக்கும்.”

“யாருகிட்டயும் சொல்லல. சிரிப்பும் வரல.” சுவேதா ராக்கைப் பார்த்தபடியே பேசினாள். “ராயக்கோட்டையில இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. கால் கழுவிக்கினு உள்ள வாம்மான்னாங்க. வந்தேன். தரையில என் கால் முழுசா பதிஞ்சிச்சி. அவங்க காப்பிகூடக் குடிக்காம எழுந்து போய்ட்டாங்க. எங்கம்மா அந்தத் தரையத் தொடச்சிக்கினே இருந்திச்சி, காஞ்சதுக்கு அப்புறமும். இந்தக் கால் வேணும்னு ஆசப்பட்ட மொத ஆளு நீங்கதாங்க்கா.”

பெரியம்மா, ஈரக்கால், மெல்லிய கோடு என்று கேன்டீனில் தான் உரக்கச் சொன்னதும், கை கழுவுகிற இடத்தில் குழாய் மூடப்படாமல் ஓடியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. அவள் நகரவில்லை.

“உன் அட்டையத் தா, போட்டுப் பாக்கேன்,” என்றாள் கடைசியில்.

“இது என் காலுக்கு அளவெடுத்ததுங்க்கா. உங்க கால் வளைவு வேற, போட்டா இன்னும் கெடும். உங்களுக்கு அட்டையே வேணாமா இருக்கும். மொதல்ல ஷூவ மாத்தணும். வர்ற வியாழக்கிழம நான் கூட வர்றேன்.”

வந்தாள். டாக்டர் அறையில் வீரலட்சுமி வாயைத் திறக்குமுன் சுவேதாவே பேசினாள். இவள் காலைப் பின்னால் இருந்து பாருங்கள், வலது கணுக்கால் உள்ளே சரிகிறது, நான் ஒரு மாதமாகப் பார்க்கிறேன் என்றாள். டாக்டர் வீரலட்சுமியைத் திரும்பி நிற்கச் சொல்லிக் குதிகாலைப் பார்த்தார், ஒற்றைக்காலில் எம்பச் சொன்னார். வலது காலில் எம்ப முடியவில்லை. அவர் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. பிறவியில் சாய்ந்த கால் இல்லை, ஷூ சாய்த்த கால், அதனால் திரும்பி வந்துவிடும் என்றார். புது ஷூ உடனே வேண்டும், குதிகாலைச் சுற்றிக் கெட்டியாகப் பிடிக்கிறதாக இருக்க வேண்டும், துண்டு இழுக்கிற பயிற்சி, படி ஓரத்தில் குதிகால் இறக்குகிற பயிற்சி, வலி தணியும் வரைக்கும் உட்கார்ந்து வேலை என்று எழுதினார். ஸ்டோரில் எல்லப்பன் பழைய ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மலையைச் சுற்றி வந்தாய் என்று கேட்டார். வீரலட்சுமி புது ஷூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனந்தராஜ் இந்த முறை ஸ்டூலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அது அங்கேயே கிடந்தது. வீரலட்சுமி போய் உட்கார்ந்தாள்.

இதற்காக எத்தனை மாதம் எரிந்தாள்! உட்கார்ந்ததும் சொர்க்கம் தெரியும் என்று நினைத்திருந்தாள். காலின் பாரம் இறங்கியது நிஜம்தான், அப்பாடா என்று இருந்தது. ஆனால் தலையைத் தூக்கினால் லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கருப்பாயி பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. அந்தப் பார்வையை இந்த லைனில் அதிகம் பார்த்தவள் அவள்தான். அன்று சாப்பாட்டு நேரத்தில் கருப்பாயி டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். யாரோ கேட்டதற்கு, வீரலட்சுமிக்கும் சுவேதாவுக்கும் இப்போது ரொம்ப சிநேகம், ஸ்டூல் அப்படித்தான் வந்தது என்று சொன்னாளாம்.

சாப்பாடு முடிந்து ஸ்டூலுக்குத் திரும்பியதும் வீரலட்சுமி செக்கிங் டேபிளுக்கு அடியில் துண்டை விரித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, ஒவ்வொரு அசைவும் அவளுக்கு மனப்பாடம். விரல்களால் துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நழுவியது. சுவேதா செய்யும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! மறுபடியும் பிடித்தாள், நழுவியது. அந்த நேரத்தில் சுவேதா புதுப் பெண்கள் இரண்டு பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு லைன் ஓரமாக நடந்து வந்தாள். குதிகால் நேராக விழுந்தது, நேராக எழுந்தது. வீரலட்சுமி அந்தக் காலையே பார்த்தாள். நிற்பது ஒரு வரம் என்று இதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் பற்றிக்கொண்டது. அவளுக்கு மட்டும் என்ன?

“ஏய், இங்க வா,” என்று கூப்பிட்டாள். சுவேதா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“இப்படி நேரா நடக்க உனக்கு எத்தன மாசம் ஆச்சு?”

“ஏழு மாசம் ஆச்சிங்க்கா. உங்களுக்கு அவ்ளோ ஆகாது.”

“எனக்கு மூணு மாசம்,” என்றாள் வீரலட்சுமி. “பொங்கலுக்குள்ள உனக்கு முன்னால நடந்து காட்டல, எம் பேர மாத்திக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு, துண்டை விரல்களால் பிடித்து இழுத்தாள். இந்த முறை கொஞ்சம் வந்தது.